பாங்கி பிடித்த பணம் திரும்பி வருமா?

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பு. காலை 10 மணி. தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் போகிற பஸ்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன.

பக்கத்தில் உள்ள ஒரு பாங்கிக்குள் ஒரு பெண் நுழைகிறார். கையில் பாஸ் புத்தகம். தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் காண்டிராக்டு வேலை பார்த்தவர். வேலை நின்று ஆறு மாதம் ஆகிறது. கணக்கில் 1,200 ரூபாய் மிச்சம் வைத்திருந்தார். மகளுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்க அந்தப் பணத்தை எடுக்க வந்திருக்கிறார்.

பாஸ் புத்தகத்தில் பதிந்து கொடுக்கிறார்கள். பார்த்தால், பாக்கி 492 ரூபாய்!

"மீதிப் பணம் எங்கே சார்?"

"மினிமம் பாலன்ஸ் இல்லை, அம்மா. அதனால் அபராதம். மாதம் 236 ரூபாய். மூன்று மாதத்துக்கு 708 ரூபாய்."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

"கம்ப்யூட்டர் தானாகவே பிடித்துக்கொள்ளும், அம்மா."

அந்தப் பெண் பேசாமல் வெளியே வருகிறார். 236 ரூபாய் என்பது 200 ரூபாய் அபராதம், அதன்மேல் 36 ரூபாய் வரி. இதுவும் அவருக்குத் தெரியாது. பாஸ் புத்தகத்தில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சுருக்கம்.

இது ஒரு பெண்ணின் கதை அல்ல. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. சம்பளக் கணக்குக்கு மினிமம் தொகை வேண்டியதில்லை. ஆனால் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும். அபராதம் தொடங்கிவிடும். வேலை போன நேரத்தில், கையில் இருக்கும் காசும் கரைகிறது.

இப்படிப் பிடித்த பணத்தைத் திருப்பி வாங்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லாப் பணத்தையும் அல்ல. எதை வாங்க முடியும், எதை வாங்க முடியாது என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

சிறு துளி பெரு வெள்ளம்

ஒருவருக்கு 200 ரூபாய், 300 ரூபாய். நாடு முழுவதும் சேர்த்தால் எவ்வளவு?

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டெல்லி மேல்சபையில் மத்திய சர்க்கார் ஒரு கணக்குச் சொன்னது. பொதுத்துறை பாங்கிகளும் ஐந்து பெரிய தனியார் பாங்கிகளும் 2018-ம் ஆண்டில் இருந்து வசூலித்த தொகை அது. மினிமம் பாலன்ஸ் இல்லாததற்கு அபராதம் 21 ஆயிரம் கோடி ரூபாய். ஏ.டி.எம்.மில் கூடுதல் தடவை பணம் எடுத்ததற்கு 8 ஆயிரம் கோடி. செல்போனில் தகவல் அனுப்பியதற்கு 6 ஆயிரம் கோடி. மொத்தம் 35 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

ஸ்டேட் பாங்கி 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. நவம்பர் வரை எட்டே மாதத்தில் கிடைத்தது 1,771 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்தில் பாங்கிக்குக் கிடைத்த லாபமே 1,581 கோடிதான்.

மினிமம் தொகை வைக்க முடியாதவர் யார்? கையில் பணம் இல்லாதவர். அபராதம் கட்டுபவரும் அவரேதான்.

நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஸ்டேட் பாங்கி அபராதத்தைக் குறைத்தது. 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அடியோடு எடுத்துவிட்டது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் கனரா பாங்கியும், ஜூலை மாதம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பாங்கியும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தைக் கைவிட்டன. வேறு சில பொதுத்துறை பாங்கிகளும் அதே வழியில் வந்தன. ஆனால் தனியார் பாங்கிகள் பலவற்றில் அபராதம் இன்னும் இருக்கிறது.

நின்றது வசூல்தான். முன்பு பிடித்த பணம் தானாகத் திரும்பி வரவில்லை.

17 ரூபாய் 70 காசு

பிடித்த பணம் திரும்பி வந்த கதையும் ஒன்று உண்டு.

ஏழைகளுக்காக 2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜன் தன் கணக்குத் திட்டம் தொடங்கியது. கணக்கில் ஒரு காசு கூட இல்லாமல் இருக்கலாம். அபராதம் கிடையாது. இதற்கு "அடிப்படை சேமிப்புக் கணக்கு" என்று பெயர். மாதத்தில் நான்கு தடவை இலவசமாகப் பணம் எடுக்கலாம்.

ஐந்தாவது தடவை எடுத்தால்?

ஸ்டேட் பாங்கி 17 ரூபாய் 70 காசு பிடித்தது. கவுண்டரில் பணம் எடுத்தால் மட்டும் அல்ல. மளிகைக் கடையில் செல்போன் மூலம் 20 ரூபாய் கொடுத்தாலும் அது ஒரு "எடுப்பு" என்று கணக்கில் சேர்ந்தது. 20 ரூபாய்க்கு உப்பும் மிளகாயும் வாங்கினால், அதற்குக் கட்டணம் 17 ரூபாய் 70 காசு!

"ரொக்கம் வேண்டாம், செல்போனில் கொடுங்கள்" என்று சர்க்கார் ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த காலம் அது.

பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதைக் கவனித்தார். கணக்குகளைத் தோண்டி எடுத்து, அறிக்கைகளாக எழுதினார். 2021-ம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த அறிக்கையில் உள்ள கணக்கு இது: 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை, செல்போன், ரூபே கார்டு மூலம் செய்த 14 கோடிக்கு மேற்பட்ட பணப் பட்டுவாடாக்களுக்கு, ஸ்டேட் பாங்கி பிடித்த தொகை 254 கோடி ரூபாய்.

"நான்கு தடவைக்கு மேல் அனுமதிப்பது பாங்கியின் விருப்பம். ஆனால் அனுமதித்தால் கட்டணம் கூடாது. இதுதான் ரிசர்வ் பாங்கி விதி" என்பது அவர் வாதம். "விதிப்படிதான் கட்டணம் வைத்தோம். முன்கூட்டியே அறிவித்தோம்" என்பது பாங்கியின் பதில்.

ஒரே ஒரு நாள்

இதற்குள் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரூபே கார்டு, யு.பி.ஐ. மூலம் செய்யும் பட்டுவாடாவுக்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் எந்தக் கட்டணமும் கூடாது. அப்படியும் சில பாங்கிகள் பிடித்தன. 2020 ஆகஸ்டு 30-ந்தேதி மத்திய நேரடி வரிகள் போர்டு ஓர் உத்தரவு போட்டது. ஜனவரி 1-ந்தேதி முதல் பிடித்ததை உடனே திருப்பிக் கொடுங்கள் என்பது அந்த உத்தரவு.

2021-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஸ்டேட் பாங்கி திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. சுமார் 90 கோடி ரூபாய் ஏழைகளின் கணக்குகளுக்குத் திரும்பிப் போனது. பலர் மனுக்கூடப் போடவில்லை. பணம் தானாக வந்து சேர்ந்தது.

மீதி 164 கோடி? அது 2020-க்கு முன்பு பிடித்த பணம். பேராசிரியரின் அறிக்கை வெளிவந்தபோது அது பாங்கியிடமே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். 2019-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி பிடித்த 17 ரூபாய் 70 காசும், மறுநாள் ஜனவரி 1-ந்தேதி பிடித்த 17 ரூபாய் 70 காசும் ஒன்றுதான். பாங்கி ஒன்று. கடை ஒன்று. உப்பும் மிளகாயும் ஒன்று. ஆனால் ஒன்று திரும்பி வந்தது, மற்றொன்று வரவில்லை.

ஏன் தெரியுமா?

ஜனவரி 1-ந்தேதி கட்டணத்துக்கு எதிராக, யாரும் மறுக்க முடியாத ஒரு வரி சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. டிசம்பர் 31-ந்தேதி கட்டணத்துக்கு எதிராக இருந்த விதிக்கு இரண்டு பேர் இரண்டு அர்த்தம் சொன்னார்கள்.

எழுதி வைத்த விதி தெளிவாக இருந்தால், பாங்கி எவ்வளவு பெரியதானாலும் பணத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இதுதான் இந்தக் கதையின் பாடம்.

பிறகு ரிசர்வ் பாங்கியும் விதியைத் தெளிவாக்கியது. அடிப்படைக் கணக்குக்கான புதிய விதிகளை 2025-ம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. செல்போன் மூலம் கொடுக்கும் பணத்தை "நான்கு தடவை" என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது.

லண்டனில் நடந்தது

இதே சண்டை இங்கிலாந்திலும் நடந்தது.

கணக்கில் உள்ளதற்கு மேல் செலவு செய்துவிட்டால், அங்குள்ள பாங்கிகள் ஒவ்வொரு தடவையும் 30 பவுண்டுக்கு மேல்கூடப் பிடித்தன. 2006, 2007-ம் ஆண்டுகளில் ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். "என் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். கோர்ட்டுக்குப் போய் வாதாடுவதைவிடக் கொடுத்துவிடுவது மேல் என்று பாங்கிகள் பலருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தன.

பிறகு சர்க்காரின் வர்த்தகக் கண்காணிப்பு அலுவலகமே பாங்கிகள்மீது வழக்குப் போட்டது. வழக்கு முடியும் வரை புதுப் புகார்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2009-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பாங்கிகளுக்கு வெற்றி! "இந்தக் கட்டணம் பாங்கி செய்யும் சேவைக்கு விலையின் ஒரு பகுதி. விலை நியாயமா என்று அந்த அலுவலகம் இந்தச் சட்டப்படி ஆராய முடியாது" என்றது கோர்ட்டு.

முன்னால் கேட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடிக்கொண்டது.

"அதிகம்" வேறு, "தப்பு" வேறு

நம் நாட்டிலும் நிலைமை இதுதான்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி, நகரங்களில் புதுக் கணக்குத் தொடங்குபவர்கள் மாதம் சராசரி 50 ஆயிரம் ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் 15 ஆயிரமாகக் குறைத்தது. அப்போது ரிசர்வ் பாங்கி கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா சொன்ன கருத்து: மினிமம் தொகை எவ்வளவு என்பதைப் பாங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம்.

பாங்கிகளும் ஒரு நியாயம் சொல்கின்றன. கிளை நடத்த, கம்ப்யூட்டர் வைக்க, ஆள் போடச் செலவு ஆகிறது. அதை யாராவது கொடுக்க வேண்டும் என்கின்றன.

ஆகவே, "கட்டணம் அதிகம்" என்று மட்டும் புகார் எழுதினால் பலன் இல்லை. அது பாங்கியின் வியாபார முடிவு என்று தள்ளிவிடுவார்கள். "கட்டணம் விதிக்கு மாறானது" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

விதிகள் என்ன?

முதல் விதி: மினிமம் தொகை குறைந்தால், அதைப் பாங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். செல்போன் தகவலாகவோ கடிதமாகவோ இருக்கலாம். அதிலிருந்து ஒரு மாதம் டயம் தர வேண்டும். அதற்குள் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம்.

இரண்டாவது: எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்கபடிதான் அபராதம் இருக்க வேண்டும். 100 ரூபாய் குறைந்தவருக்கும் 5 ஆயிரம் குறைந்தவருக்கும் ஒரே அபராதம் கூடாது.

மூன்றாவது: அபராதம் பிடித்துப் பிடித்துக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. "நீங்கள்தான் எங்களுக்குப் பாக்கி" என்று சொல்லக் கூடாது.

இந்த மூன்றையும் ரிசர்வ் பாங்கி 2014-ம் ஆண்டு நவம்பரில் உத்தரவிட்டது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அமல்.

நான்காவது: இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்குக்கு மினிமம் பாலன்ஸ் அபராதம் கிடையாது. அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் கிடையாது.

ஐந்தாவது: ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது 2019-ம் ஆண்டு செப்டம்பரில் போட்ட உத்தரவு.

சேலையூர்ப் பெண்ணின் கணக்கை இப்போது பாருங்கள். அவருக்கு முன்கூட்டியே தகவல் போனதா? ஒரு மாதம் டயம் கொடுத்தார்களா? மூன்று மாதமும் ஒரே 200 ரூபாய் என்றால், அது குறைந்த தொகைக்குத் தக்கபடி போட்டதா? இவற்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் 708 ரூபாயைக் கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது.

செல்போன் நம்பர் மாறியிருந்தால் பாங்கியில் சொல்லிவிட வேண்டும். பழைய நம்பருக்குத் தகவல் போயிருந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

எப்படிக் கேட்பது?

வக்கீல் வேண்டாம். செலவும் அதிகம் இல்லை. ஒரு காகிதமும் பேனாவும் போதும்.

பாஸ் புத்தகத்தைப் பதிந்து வாங்குங்கள். புரியாத சுருக்கம் இருந்தால், "இது என்ன பிடித்தம்?" என்று கேளுங்கள். தேதியையும் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மானேஜருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதலாம்:

"ஐயா, எனது சேமிப்புக் கணக்கில் இந்தத் தேதிகளில் இவ்வளவு ரூபாய் அபராதம் பிடித்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு எனக்குத் தகவல் வரவில்லை. இது ரிசர்வ் பாங்கி விதிக்கு மாறானது. தகவல் அனுப்பியிருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பி என் கணக்கில் சேருங்கள்."

இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பாங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த முத்திரைதான் முக்கியம். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

30 நாள் பொறுத்திருங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். "ஆம்புட்ஸ்மேன்" என்று அவருக்குப் பெயர். விலாசம்: ரிசர்வ் பாங்கி, 4-வது மாடி, செக்டார் 17, சண்டிகர் - 160017. தமிழிலேயே எழுதலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற நம்பருக்குப் போன் செய்து தமிழில் விவரம் கேட்கலாம். மானேஜருக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை மனுவுடன் வைக்க மறக்கக் கூடாது. நாள் கடத்தவும் கூடாது.

அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. சேலையூர், தாம்பரம் மக்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட கமிஷன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இனிமேல் பிடிக்காமல் இருக்கவும் வழி உண்டு. "என் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொடுங்கள்" என்று மனுக் கொடுக்கலாம். அதே பாங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஓர் எச்சரிக்கை

"பாங்கியில் இருந்து பேசுகிறோம். பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம். செல்போனில் வந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். அது திருடன் வேலை. 17 ரூபாய் வாங்கப் போய் 17 ஆயிரத்தை இழந்துவிடக் கூடாது. பாங்கி திருப்பித் தரும் பணம் நேராகக் கணக்குக்கு வரும். அதற்கு எந்த ரகசிய நம்பரும் தேவை இல்லை.

அழுத பிள்ளை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஜன் தன் கணக்குக்காரர்களுக்காக ஒரு பேராசிரியர் அழுதார். 90 கோடி ரூபாய் வந்தது. எல்லோருக்கும் ஒரு பேராசிரியர் கிடைக்கமாட்டார். அவரவர் பாஸ் புத்தகத்தை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், மாதம் ஒரு தடவை அம்மாவின் பாஸ் புத்தகத்தை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கழித்தல் கணக்கு உபயோகப்படட்டும்.

சேலையூர்ப் பெண் இழந்த 708 ரூபாய், பாங்கிக்குப் பெரிய தொகை அல்ல. அவருக்கு அது மகளின் பாடப் புத்தகம். பணம் போன வரி அந்தப் பாஸ் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே "வரவு" என்று இன்னொரு வரி விழ வேண்டுமானால், அவர் ஒரு கடிதம் எழுத வேண்டும்.